மூடி வரியை எடுத்துட்டேன்

தேவராஜ மொஹல்லா, மைசூர்
3 ஆகஸ்ட் 2025

சுரேந்தருக்கு,

"அன்புள்ள" போடவில்லை. மறந்து போய் அல்ல, வேண்டுமென்றேதான்.

நீங்கள் கோபித்துக்கொண்டு ஹனூருக்குப் போன மறுவாரமே நம் லேசர் மெஷினின் கண்ட்ரோல் போர்டு செத்துவிட்டது. இடி இடித்தது, கரண்ட் போய் வந்தது, அவ்வளவுதான். சுவிட்சைப் போட்டால் ஃபேன் மட்டும் ஊதுகிறது, வெட்டுகிற தலை அசையவே இல்லை. விற்றவனைக் கேட்டால், "அந்த மாடல் போர்டே இப்போ வர்றதில்லை மேடம், புது மெஷின் வாங்கிக்கோங்க" என்கிறான். நவராத்திரிக்கு மரக் கொலு பொம்மை வேண்டுமென்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள். தசாவதாரம் மட்டும் வெட்டியாயிற்று. தசரா ஊர்வலம் செட் முழுக்க அப்படியே நிற்கிறது.

"அந்தப் போர்டைத் தூக்கிப் போட்டுட்டு நாமளே ஒண்ணு மாட்டிக்கலாம், ஓப்பன் சோர்ஸ்ல ஃபர்ம்வேர் சும்மாவே கெடைக்குது" என்று வருஷம் பூராவும் என் காதைத் தின்றீர்களே, இப்போது செய்து காட்டுங்கள். போர்டு பஸ்ஸில் வந்தால் போதும். நீங்கள் வர வேண்டாம்.

ஏன் வர வேண்டாம் என்று மறுபடியும் எழுதுகிறேன், வாயால் சொன்னால் சிரித்துவிடுவீர்கள். மூடி சுவிட்ச். மூடியைத் தூக்கினால் லேசர் நிற்க வேண்டும் என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள். அதில் துண்டு ஒயரைச் சொருகி ஏமாற்றி, மூடியைத் திறந்துபோட்டே ஓட்டினீர்கள். கண்ணுக்குத் தெரியாத கதிர் அது. பக்கத்து மேஜையில் என் டிராயிங் பேப்பர் தானாகப் பற்றிக்கொண்டதைப் பார்த்து நான் அலறினேன். நீங்கள், "பொகை போகோணுமில்ல அம்மிணி" என்று பல்லைக் காட்டினீர்கள். அன்று எரிந்தது பேப்பர். என் கண்ணாக இருந்திருந்தால்? பொம்மைக்குக் கண் எழுதிப் பிழைக்கிறவள் நான்.

போன் செய்யாதீர்கள், நம்பரை பிளாக் செய்திருக்கிறேன். போனில் ஏதாவது ஜோக் அடிப்பீர்கள், நானும் சிரித்துத் தொலைப்பேன், விஷயம் அப்படியே போய்விடும். எழுதுங்கள். இதை ஹனூர் பஸ் பார்சலில் போடுகிறேன், நீங்களும் அப்படியே அனுப்புங்கள். கன்னட மீடியத்தில் படித்தவளுக்குத் தமிழ் எழுத்து கற்றுக்கொடுத்தது நீங்கள்தானே, என் தப்பையெல்லாம் நீங்களே அனுபவியுங்கள்.

எங்காத்துத் தமிழும் உங்கள் ஊர்த் தமிழும் ஒத்துப்போகாதது தெரிந்த கதைதான். கல்யாணமான புதிதில், "புழுங்கறது, அந்தக் கதவை எடுங்கோ" என்றேன். நீங்கள் ஸ்குரூ டிரைவரோடு வந்து கதவைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாத்தி வைத்தீர்கள்! மைசூரில் கதவை எடு, குழாயை எடு என்றால் திற என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அப்பா இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

உங்கள் அப்பாவுக்கு இடுப்பு வலி தேவலையா?

ஸுப்ரஜா


ஹனூர்
8 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அம்மிணிக்கு,

நான் "அன்புள்ள" போட்டுவிட்டேன். யாராவது ஒருத்தர் போட வேண்டுமே.

அப்பா இப்போது தடி இல்லாமல் வாசல் வரை நடக்கிறார். நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, கட்டுன பொண்டாட்டிக்குக் காயிதமா எழுதற? ஒரு போனைப் போட்டுப் பேசித் தொலையறதுக்கென்ன?" என்கிறார். போனை எடுக்க மாட்டாள் என்று சொன்னால் கேவலம். தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறேன்.

போர்டு இந்தப் பெட்டியில் இருக்கிறது. பஸ் குலுங்கினாலும் ஒன்றும் ஆகாது, பழைய துண்டில் சுற்றியிருக்கிறேன். இதற்குள் இருக்கிற ஃபர்ம்வேரை எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று போட்டு வைத்திருக்கிறார்கள். தலை எந்தப் பக்கம் போக வேண்டும், என்ன வேகம், லேசர் எப்போது அடிக்க வேண்டும், எல்லாம் அது சொல்வதுதான். நம் மெஷினில் எந்த ஒயர் எங்கே என்பதை மட்டும் ஒரு சின்ன ஃபைலில் வரி வரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஃபைல் மெமரி கார்டில் இருக்கிறது. ஒளிவு மறைவு கிடையாது, நீயே திறந்து படிக்கலாம்.

இங்கே மேஜையில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். முதலில் ஒரே அடம். உயிர் வந்ததும் அலாரம் அடித்து நின்றுகொள்ளும், மோட்டாரை அசைக்கவே விடாது. தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் மூடி வரியை எடுத்துட்டேன். அதற்கப்புறம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நீ எதற்காக என்னோடு சண்டை போட்டாயோ அந்த வம்பே இனிமேல் இல்லை, போ.

மாட்டும்போது ஒன்று கவனம். மெயின் சுவிட்சைப் போட்டதும், போர்டு கண் விழிப்பதற்குள் லேசர் ஒரு தடவை அடித்தாலும் அடிக்கும். லேசர் டியூபுக்கான சுவிட்சை எல்லாவற்றுக்கும் கடைசியில் போடு. அங்கே மெஷின் ஒயர்களில் முன்பே ஒட்டி வைத்த கலரிலேயே போர்டிலும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொள். நீ எப்போதும் போட்டுக்கொள்வாய், தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

நான் வரட்டுமா?

சுரேந்தர்


மைசூர்
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சுரேந்தர்,

பார்த்தீர்களா, போட்டுவிட்டேன்.

மெஷின் ஓடுகிறது! ஸ்டிக்கரைப் பார்த்து ஒவ்வொரு ஒயராகச் சொருகினேன். தலை மெதுவாக நகர்ந்து மூலைக்குப் போய் டக்கென்று தொட்டு நின்றது. நான் போட்ட சத்தத்தில் கீழே வாழையிலைக் கடைப் பொன்னம்மா பதறி மேலே ஓடி வந்துவிட்டாள். பழைய போர்டைவிடக் கோடு சுத்தமாக விழுகிறது. யானையின் தும்பிக்கை வளைவில் முன்பெல்லாம் பல் பல்லாக வருமே, இப்போது வழவழவென்று இருக்கிறது.

ஆனால் அதற்காக மட்டும் "அன்புள்ள" போடவில்லை. மூடி வரியை எடுத்துட்டேன் என்று எழுதியிருந்தீர்களே, அதற்காகப் போட்டேன். எத்தனை நாள் கத்தினேன், எத்தனை நாள் பேசாமல் படுத்தேன். கடைசியில் நான் கேட்காமலே, ஒரு ஜோக்கும் அடிக்காமல், போகிற போக்கில் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். படித்துவிட்டு அழுதேன். அப்பாவிடம் போய், "சுரேந்தர் மூடி வரியை எடுத்துட்டாராம்ப்பா" என்றேன். அவருக்கு மெஷினும் தெரியாது, ஒன்றும் தெரியாது. "அப்பாடா, சண்டை தீர்ந்துதோன்னோ" என்று காபி கேட்டார்.

வாருங்கள். அவசரமில்லை, உங்கள் அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு வர வேண்டாம். தசரா ஊர்வலம் செட்டை வெட்டி முடித்ததும் வாருங்கள், சேர்ந்து பெயிண்ட் அடிக்கலாம். அதுவரை கடிதமே இருக்கட்டும். எனக்கு இது பிடித்துவிட்டது. பிளாக்கை எடுக்கவில்லை, நீங்கள் வந்து உங்கள் கையாலேயே எடுங்கள்.

ஸுப்ரஜா


ஹனூர்
15 ஆகஸ்ட் 2025

அம்மிணி,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினேன்.

நிஜத்தைச் சொல்லட்டுமா? அந்த வரியை எழுதும்போது எனக்கு உள்ளூரப் பயம். பெட்டியைத் திறந்து படித்ததும் போர்டோடு சேர்த்து என்னையும் தூக்கி எறிவாய் என்றுதான் நினைத்தேன். நீ என்னடாவென்றால் அழுதேன், கோபம் போயிற்று என்கிறாய். நீ இவ்வளவு தூரம் விட்டுக்கொடுப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை, ஸுப்ரஜா. இனிமேல் நானும் உன் பேச்சைக் கேட்கிறேன். சத்தியமாக.

அப்பாவுக்கு இடுப்பு சரியானால் மாதேஸ்வரன் மலைக்கு வருவதாக வேண்டுதல். இந்த அமாவாசைக்குக் கூட்டிப் போகிறேன். பஸ்ஸில்தான், அவரை நடக்க விட மாட்டேன். கூட்டத்தில் உடனே இறங்க முடியாது, இரண்டு மூன்று நாள் அங்கேயே தங்க வேண்டி வரும். இறங்கி வந்ததும் நேராக மைசூர். கதவைக் கழற்ற மாட்டேன், பயப்படாதே.

மெஷின் ஏதாவது கோளாறு செய்தால் எழுது. புது ஃபர்ம்வேர், என்ன பண்ணும் என்று பழகப் பழகத்தான் தெரியும்.

சுரேந்தர்


மைசூர்
20 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சுரேந்தர்,

கோளாறு இருந்தால் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். சிரிக்கக் கூடாது.

நீங்கள் சொன்ன மாதிரி டியூப் சுவிட்சைக் கடைசியில்தான் போடுகிறேன். அப்படியும் போட்ட மாத்திரத்தில் பலகையில் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி விழுகிறது. நான் ஒன்றுமே அனுப்பவில்லை, மெஷின் சும்மா நிற்கிறது, புள்ளி மட்டும் விழுகிறது. தினமும் வேறு வேறு இடத்தில். நேற்று யானை ஓட்டுகிற மாவுத்தன் பொம்மையின் நெற்றியில் விழுந்திருந்தது. பார்க்கப் பிடிக்கவில்லை, அந்தத் துண்டைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். பொன்னம்மா வேறு, "ஏனக்கா, மேலே ஏனோ சுட்ட வாசனே பர்த்தாயிதே" என்று தினமும் கேட்கிறாள். வெட்டினால் கருகுகிற வாசனை வரத்தான் செய்யும், ஆனால் மெஷினை அணைத்த பிறகும் அவளுக்கு அடிக்கிறதாம்.

முந்தாநாள் தலை சொல்லாமல் கொள்ளாமல் மூலைக்கு ஓடி இடித்துக்கொண்டு நின்றது. அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. எனக்கென்னவோ அது நம்மைப் பழகிக்கொண்டிருக்கிறது என்று தோன்றுகிறது. அசட்டு நினைப்புதான்.

மழை விடவே இல்லை, பலகையெல்லாம் ஈரம் குடித்து வளைகிறது. நடுவில் எழும்பிக்கொண்டால் லேசர் சரியாக வெட்டாது. ஓரத்தில் ஸ்டீல் கிளிப் போட்டு இறுக்கியிருக்கிறேன், அப்படியும் நடுப்பக்கம் உப்புகிறது. நாளை அம்பாரி யானையை வெட்டப் போகிறேன். இருப்பதிலேயே பெரிய துண்டு, கட்டாயம் எழும்பும். பாதியில் மூடியைத் தூக்கி ஒரு அழுத்து அழுத்திவிட்டு மறுபடி மூடிவிடுவேன். முன்னால் என்றால் செய்திருக்க மாட்டேன். இப்போதுதான் நீங்கள் மூடி வரியை எடுத்துவிட்டீர்களே, தூக்கின உடனே லேசர் நின்றுவிடும். ஓடும்போது தூக்கிப் பார்க்க இதுவரை தேவைப்படவில்லை. சும்மா நிற்கும்போது தூக்கிப் பார்த்தேன், உள் விளக்கு அணைகிறது. நிம்மதியாக இருந்தது.

அந்தப் பாதுகாப்புக் கண்ணாடியையும் ஆணியில் மாட்டிவிட்டேன். மழைக்கு ஆவி படிந்து ஒன்றுமே தெரிவதில்லை. மூடி பார்த்துக்கொள்கிறபோது அது எதற்கு?

மலைக்குப் போகும் முன் இது கிடைக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். எனக்கு விபூதி வேண்டாம், எங்காத்தில் அப்பா முகம் சுளிப்பார். லட்டு கொண்டு வாருங்கள்.

ஸுப்ரஜா


ஹனூர்
27 ஆகஸ்ட் 2025

ஸுப்ரஜா,

இதை உனக்கு யார் படித்துக் காட்டுவார்கள் என்று தெரியவில்லை. உன் அப்பாவாக இருந்தால், மாமா, தயவுசெய்து நடுவில் நிறுத்தாமல் கடைசி வரை படியுங்கள்.

உன் கடிதம் வந்தபோது நாங்கள் மலைக்குப் போயிருந்தோம். பஸ் ஸ்டாண்ட் பார்சல் கவுண்டரிலேயே கிடந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இறங்கி வந்ததும் வாங்கி, கவுண்டரில் நின்றபடியே பிரித்தேன். கறுப்புப் புள்ளி வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் படித்தேன். "தூக்கின உடனே லேசர் நின்றுவிடும்" என்று வந்தது. அதே வரியை மறுபடி படித்தேன். அப்பா, "என்னடா, என்னடா" என்கிறார். உனக்குப் போன் போட்டேன், போகவில்லை. போகாது என்று தெரிந்தே திரும்பத் திரும்பப் போட்டேன். எடு, எடு என்று பஸ் ஸ்டாண்டில் பைத்தியக்காரன் மாதிரிக் கத்தினேனாம், அப்பா சொன்னார். அப்புறம்தான் பொன்னம்மா கடை நம்பர் ஞாபகம் வந்தது. "அக்கா ஆஸ்பத்ரேலி இதாரே, நிமகே யாரும் ஹேளலில்வா?" என்றாள். நீ ஆஸ்பத்திரியில் இருக்கிறாயாம், எனக்கு யாரும் சொல்லவில்லையா என்று கேட்கிறாள். உனக்கு அடிபட்டு மூன்று நாள் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்தேன், உன் வார்டு வாசல் வரை வந்தேன். மாமா வெளியே வந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கையெடுத்துக் கும்பிட்டு, "அவ தூங்கறா. இப்போ வேண்டாம், போயிட்டு வாங்கோ" என்றார். "அந்தப் பாழாப்போன சுவிட்சு கெட்டுப்போச்சாம், நீங்க என்ன பண்ணுவேள்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை, திரும்பி வந்துவிட்டேன். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டே இருந்துவிடலாம் என்று பஸ் முழுக்க ஆசைப்பட்டேன். சுவிட்ச் கெட்டுப்போய்விட்டது, யார் என்ன செய்ய முடியும்? நீயும் நம்பியிருப்பாய்.

சுவிட்ச் கெட்டுப்போகவில்லை, அம்மிணி.

நான் எடுத்துட்டேன் என்று எழுதியது எங்கள் ஊர்த் தமிழ். கழற்றிப் போட்டுவிட்டேன், அழித்துவிட்டேன் என்று அர்த்தம். நீ அதை உன் ஊர்த் தமிழில், திறந்துவிட்டேன், வேலை செய்ய விட்டுவிட்டேன் என்று படித்திருக்கிறாய். இங்கே என் மேஜையில் மூடியும் இல்லை, சுவிட்சும் இல்லை. மூடி திறந்திருக்கிறது என்றே போர்டு நினைத்துக்கொண்டு அலாரம் அடித்தது. அதனால் மூடி என்று வந்த வரியையே ஃபைலிலிருந்து அழித்தேன். நீ மூடியைத் தூக்கினாலும் தூக்காவிட்டாலும் அந்தப் போர்டுக்குத் தெரியாது. உள் விளக்குக்கு வேறு ஒயர், அதற்கும் போர்டுக்கும் சம்பந்தமே இல்லை. வந்து மறுபடி எழுதிக்கொள்ளலாம், அதுவரை இவள்தான் மூடியைத் திறக்கவே மாட்டாளே, கண்ணாடி இல்லாமல் கிட்டேயே போக மாட்டாளே என்று இருந்துவிட்டேன். உன் பயத்தை நம்பி உட்கார்ந்திருந்தேன். அந்தப் பயத்தையும் நானே போக்கிவிட்டேன்.

நீ சந்தோஷப்பட்டு எழுதியபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கதவைக் கழற்றி வைத்தவன் நான், எனக்கு உறைக்கவில்லை. நீ எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டாய் என்று பூரித்துப் போயிருந்தேன்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. சுவிட்ச் மேல் பழி போட்டு நீ நிம்மதியாக இருக்கக் கூடாது, என் மேலேயே போடு. அந்த மெஷின் கிட்டே யாரும் போக வேண்டாம், மெயினை அணைத்து வைக்கச் சொல்.

எந்தக் கண் என்று மாமாவிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சுரேந்தர்


மைசூர்
14 செப்டம்பர் 2025

சுரேந்தர்,

எழுத்து பெரிதாக, கோணலாக இருக்கும். கோடு எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துப் பார்த்து எழுதுகிறேன். பாதிப் பாதியாக, நான்கைந்து நாளாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை அப்பா கடைசி வரை படித்தார். முடித்ததும் மடித்து என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். ஆனால் அது வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

என்ன நடந்தது என்று சொல்கிறேன், நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். அம்பாரிக்குப் பக்கத்தில் பலகை எழும்பியது. மூடியைத் தூக்கினேன், விளக்கு அணைந்தது, தலை ஓடிக்கொண்டே இருந்தது. புகையும் வந்தது. நிற்கப் போகிறது, இதோ நிற்கப் போகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பழைய நாளாக இருந்தால் சட்டென்று மூடியிருப்பேன். நீங்கள் சொல்லியிருக்கிறீர்களே என்று காத்திருந்தேன். தலை கிளிப் மேலே ஏறியது. ஸ்டீலில் பட்டுத் திரும்பியிருக்கிறது என்கிறார்கள். வெளிச்சம்கூடத் தெரியவில்லை. வலது கண்ணில் யாரோ ஊசியைக் காய்ச்சி வைத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். பொன்னம்மாதான் மெயினை அணைத்தாளாம்.

சுவிட்ச் கெட்டுவிட்டது என்றுதான் நானும் நம்பினேன். உங்களைத் திட்டக்கூட இல்லை. கட்டுப் பிரிக்கிற அன்று நர்ஸ் வந்தாள், சாமராஜநகர்ப் பெண், மெதுவாகப் பேசுகிறவள். "அக்கா, பட்டி தெகிதீனி" என்றாள். கட்டை எடுக்கிறேன் என்று அர்த்தம். எடுத்தாள். பஞ்சு தட்டில் விழுகிற சத்தம் கேட்டது. உடனே, அதே குரலில், "ஈக கண்ணு தெகீரி" என்றாள். இப்போது கண்ணை எடுங்கள்.

கட்டை எடுத்தது கழற்றினது. கண்ணை எடுப்பது திறப்பது. இரண்டுக்கும் அவளுக்கு ஒரே வார்த்தை. பிறந்தது முதல் இந்த ஊரில் நானும் இரண்டையும் சொல்லியிருக்கிறேன், ஒரு நாளும் காதில் விழுந்ததில்லை. அன்று விழுந்தது. உங்கள் வரி ஞாபகம் வந்தது. இவர் திறக்கவில்லை, கழற்றியிருக்கிறார் என்று தெரிந்துவிட்டது. "கண்ணு தெகீரி அக்கா, பயப்படபேடி" என்று, பயப்படாமல் திறக்கும்படி அவள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். எனக்குத் திறக்கவே மனமில்லை.

திறந்தேன். இடது கண்ணுக்கு அவள் முகம் தெரிந்தது. வலது கண்ணுக்கு அரிசி கழுவின தண்ணீர் மாதிரி ஒரு வெளுப்பு மட்டும். மேல் படலம் வெந்துவிட்டதாம். ஆறட்டும், அப்புறம் வேறு படலம் வைக்க முடியுமா பார்க்கலாம் என்கிறார் டாக்டர். பார்க்கலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

கோபம் இருக்கிறது சுரேந்தர், நிறைய இருக்கிறது. நீங்கள் மறைக்காமல் எழுதியதால் குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அப்பா நம்பிச் சொன்ன சுவிட்ச் கதையைப் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்களானால், எனக்குத்தான் விஷயம் தெரிந்திருக்குமே, அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். அது மட்டும் நடக்கவில்லை. எனக்கு இப்போதைக்கு அது போதும். ஃபைலைத் திறந்து படிக்கலாம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நானும் படிக்கவில்லை.

மெஷின் அப்படியே இருக்கிறது. பாதி வெட்டின யானை உள்ளேயே கிடக்கிறது, யாரும் மூடியைத் தொடவில்லை. வெட்டின பொம்மைகளை அப்பா அட்டைப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறார். ஒன்றுக்கும் கண் எழுதவில்லை. பெயிண்ட் பிரஷ்ஷை எடுத்துப் பார்த்தேன், நுனி எங்கே தொடும் என்று தெரியவில்லை. பொம்மைக்கு மூக்குக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி விழுந்தது. கறுப்பாக, அந்த மெஷின் போட்ட மாதிரியே.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். லட்டு கொண்டு வராவிட்டால் பரவாயில்லை. கதவை எடுத்து வைத்திருப்பேன், மைசூர்த் தமிழில். தட்ட வேண்டாம், நேராக உள்ளே வாருங்கள். வந்ததும் ஒரு குரல் கொடுங்கள். வலது பக்கம் வந்து நின்றால் எனக்குத் தெரியாது.

ஸுப்ரஜா